யாரோ சொன்னாங்க

கூட்டம் முடிந்தால் எழுந்து போய்விட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேடத்துக்கு மட்டும் தெரியாது.

நன்றி சொல்லி, டீ குடித்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஜமுக்காளத்தை உதறி மடித்தாகிவிடும். நானும் ஜீப்பைத் திருப்பி ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டு, ஹாரனில் ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். அவர் மட்டும் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். கைப்பையிலிருந்து வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து மடியில் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரித்துத் தின்பார். "போலாங்களா மேடம்?" என்று கேட்டால், "இருப்பா தம்பி, இப்பதான் கூட்டமே ஆரம்பிக்குது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் களப்பணியாளன். இருந்த டிரைவர் வேலையை விட்டுப் போனதும் ஜீப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கோட்டக்குப்பத்துக்காரன் நான். அண்ணன்கள் துபாயில் இருந்தார்கள். நான் மட்டும் ஊரில் தங்கி, "ஆட்டுக்கும் மாட்டுக்கும் மீட்டிங் போட்டுக்கினு திரியறான்" என்று வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மேடம் எங்கள் ஆபீஸ் ஆளும் இல்லை, அசலாரும் இல்லை. அரசாங்கத்தில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் நிறுவனத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு உண்டு. மண்ணைப் பற்றிப் படித்தவர், தண்ணீரைப் பற்றிப் படித்தவர், குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றிப் படித்தவர் என்று பல தேசத்துப் பெரிய ஆட்கள் அதில் இருந்தார்கள். சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை. எந்த ஊரில் என்ன திட்டம் போடலாம், எதைப் போடக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள், நாங்கள் செய்வோம். ஆடுமாட்டுக்கு எங்கள் மேடம். மற்றவர்களெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வருவார்கள். இவர் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வருவார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மணி வந்திருந்தபோதுதான் மேடத்தின் வித்தையை முதலில் பார்த்தேன். அந்த அம்மணி ஆட்டுத் திட்டத்தை விளக்கிவிட்டு, எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "சரிங்க" என்று கூட்டம் மொத்தமும் சொன்னது. அம்மணி முகமெல்லாம் சிரிப்பு. நானும் "எல்லோருக்கும் சம்மதம்" என்று இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். மேடம் என் காதருகே குனிந்து, "தம்பி, அவங்க 'கேட்டுக்கினோம்'னு சொல்றாங்க. 'ஒத்துக்கினோம்'னு சொல்லல" என்றார்.

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானேங்க மேடம்?"

"ஆமா. ஆனா வேணும்னா கேள்வி கேப்பாங்க. எப்ப வரும், எங்க கட்டறது, செத்துட்டா யாரு பொறுப்புன்னு பிச்சுப்புடுவாங்க. சும்மா 'சரிங்க'ன்னா, பெரிய மனுஷங்க பேசறாங்க, எதுக்கு வம்புன்னு அர்த்தம்."

கூட்டம் கலைந்தது. இவர் மல்லாட்டையைப் பிரித்தார். கொஞ்ச நேரத்தில், வேறெங்கோ போகிறவர் போல ஒரு பெரியவர் வந்து, வேப்பமரத்தடியில் துண்டை உதறிக்கொண்டு நின்றார். மேடம் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, கை நிறைய மல்லாட்டையை அள்ளி நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு தின்றபடியே பேசினார். மறுநாள் மேடம் எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம், ஆட்டுக்குத் தடுப்பூசி போட வைத்திருக்கும் தேதியை மாற்றுங்கள் என்றார். அன்றைக்கு அந்த ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், ஒரு ஆடுகூட வராது என்றார்.

"கூட்டத்துல ஒருத்தரும் சொல்லலையே. யாரு சொன்னாங்க மேடம்?"

"யாரோ சொன்னாங்க."

அவ்வளவுதான். கொக்கி போட்டு இழுத்தாலும் அதற்கு மேல் வராது. எந்த ஊரில் எதைக் கேட்டு வந்தாலும், சொன்னவர் பெயர் "யாரோ"தான். ஆபீஸில் நாங்கள் கேலி செய்வோம். டீ கொண்டு வந்தது யார் என்றால் 'யாரோ', பேனாவை எடுத்தது யார் என்றால் 'யாரோ'. அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

இப்படிச் சொல்வதால் அவர் பெரிய கலகலப்பான பேர்வழி என்று நினைத்துவிடாதீர்கள். தானாக ஒன்றும் பேச மாட்டார். மண்டகப்பட்டு மாதிரி தூரத்து ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வருவார். அடுத்தவர் கதை அத்தனையும் வாங்கி உள்ளே போட்டுக்கொள்கிற மனுஷி தன் கதையில் ஒரு வரி சொன்னதில்லை. கல்யாணம் ஆகவில்லை என்பதே எங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். வெள்ளிக்கிழமை களத்துக்குப் போனால் மட்டும், நான் கேட்பதற்கு முன்பே, "ஜும்மாவுக்கு டைம் ஆச்சு, பள்ளிவாசல் பக்கம் நிறுத்திக்க" என்பார். நான் தொழுதுவிட்டு வரும்வரை வெயிலில் ஜீப்பிலேயே இருப்பார். அத்தனை ஊரில் என்னைக் காக்க வைத்ததற்கு அது ஈடாகாது என்றாலும், எனக்கு அது பிடித்திருந்தது.

விழுப்புரத்தில் அவர் வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். உள்ளே வரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஸ்டேஷன் ஒலிபெருக்கி கூப்பிட்டபடியே இருந்தது. இந்தச் சத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அது ஒண்ணுதான்பா இந்த வீட்ல பேசுது. அதுவும் இல்லன்னா எப்பிடி?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி, மேடத்தோடு எனக்கு மனஸ்தாபம் வந்த மாட்டு விவகாரம்.

கிளியனூரிலிருந்து உள்ளே போனால் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். துணையில்லாமல் பிழைக்கிற பெண்களை அங்கே ஒரு குழுவாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு கறவை மாடு கொடுப்பதாகத் திட்டம். குழுவில் எல்லோரும் வாங்க வேண்டும், ஒருவரையும் விட்டுவிடக் கூடாது, ஒருத்தி வேண்டாம் என்றாலும் யாருக்கும் கிடையாது என்பது நிறுவனத்தின் கொள்கை. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். விட்டால் ரொம்ப இல்லாதவளைத்தான் முதலில் கழற்றிவிடுவார்கள் என்று பயந்து போட்டது.

ஊரில் மேட்டு வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். போர்வெல் போட்டிருந்ததால் கோடையிலும் பச்சை பிடித்து நிற்கிற வரப்பு அவருடையது மட்டும்தான். கூட்டம் போடத் தன் நெல்லடிக்கும் களத்தைக் கொடுத்தார், எங்களுக்கு டீ கொடுத்தார், முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "புல்லுக்கு ஒண்ணும் கவலப்படாதீங்க, நம்ம வரப்புல வந்து அறுத்துக்கட்டும்" என்று பெரிய மனசும் காட்டினார். எங்கள் ஒருங்கிணைப்பாளர் நெகிழ்ந்துபோய் அவருக்கு நன்றி சொன்னார்.

பெண்கள் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார்கள். எத்தனை லிட்டர் கறக்கும், கன்றுக்குட்டியோடு வருமா, சீக்கு வந்தால் எங்கே ஓடுவது என்று மேடத்தை விடவில்லை. கௌரி என்ற பெண் கொட்டகைக்கு ஓலைகூட முடைந்து வைத்திருந்தாள். அஞ்சலை அக்கா மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் முறை வந்தபோது தலை குனிந்துகொண்டு "சரிங்க" என்றார். புருஷன் செத்து, இருக்கிற ஒரே பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தனியாக இருந்தவர்.

கூட்டம் முடிந்தது. மேடம் உட்கார்ந்தார். அன்றைக்கு மேட்டு வீட்டுக்காரரும் எழுந்திருக்கவில்லை. அவரும் உட்கார்ந்தார், இவரும் உட்கார்ந்தார். ஒரு வழியாக அவரை யாரோ கூப்பிட, எழுந்து போனார். அதற்கப்புறம் அஞ்சலை அக்கா டீ டம்ளர்களைப் பொறுக்க வந்தார். நான் தூரத்தில் ஜீப்பில் இருந்தேன். பொறுக்கிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவுகிற ஒரு பெண்ணும், மல்லாட்டை உரிக்கிற ஒரு பெண்ணும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

அங்கே பேசியதை அஞ்சலை அக்காவே வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார். எழுதிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். அவருடைய உண்மைப் பெயர் அஞ்சலை இல்லை.

"நல்லா கறக்கற மாட்டுக்கு தெனம் எத்தினி கட்டு புல்லு வேணுங்க டாக்டரம்மா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"ரெண்டு கட்டாவது வேணும்மா."

"வேற யாரு வரப்புலயும் புல்லு இல்லீங்க. அந்தாளு வரப்புக்குத்தான் போவணும். அந்தாளு கையில ஆப்டாம இருக்கறதுக்கு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். கூலிக்குக்கூட இந்தூர்ல போறதில்லீங்க, வண்டி ஏறி வெளியூர் போய்க்கினு இருக்கறேன். இப்ப நீங்க மாட்ட குடுத்து என்னத் தெனமும் அங்க அனுப்பறீங்க."

"கூட்டத்துல ஏம்மா சொல்லல?"

"அந்தாளு எதிர்லயா? மாடு வேணான்னா ஏன் வேணான்னு கேப்பாங்க இல்ல? நான் இன்னான்னு சொல்றது? எனக்காவ மத்தவங்களுக்கும் கெடைக்காதுன்னா என்ன ஊர்ல வெச்சுப் பாப்பாங்களா?"

அன்று வண்டியில் ஏறியதும் மேடம், "இந்த ஊருக்கு மாடு சரிப்படாது தம்பி" என்றார். நான் ஏன் என்று கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். திண்டிவனம் வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அந்தப் பெண்கள் எல்லோரையும் வீடு வீடாகப் போய்ப் பேசிச் சேர்த்தவன் நான்.

ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்கு எங்கள் ஆபீஸிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தோம். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒருவர் முகத்தில் காலை வெயில், இன்னொருவருக்குப் பின்னால் ஜன்னல் இருட்டிக் கிடந்தது. மேடம் பசுந்தீவனம் போதாது என்றார். களப்படங்களில் பச்சையாக இருக்கிறதே என்றார் குழுத் தலைவர். இருக்கிறது, ஆனால் அது எடுக்கிற மாதிரி இல்லை என்றார் மேடம். உரிமையாளரே சம்மதித்திருக்கிறாரே என்று அவர் கேட்டார். மேடம், விருப்பமில்லாதவர் யாராவது இருந்தால் அவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்க முடியுமா என்றார்.

தலைவர் நல்ல மனிதர். கனிவாகத்தான் கேட்டார். "எல்லோரும் சம்மதித்ததாகத்தான் அறிக்கை சொல்கிறது. விருப்பமில்லாதவர் யார் என்று சொல்லுங்கள். நம் ஆட்கள் போய் அவரோடு பேசிப் பயத்தைப் போக்கட்டும். அவரை விட்டுவிடக் கூடாதல்லவா?"

"ஒருவர் சொன்னார். அவர் யார் என்று நான் சொல்ல முடியாது" என்றார் மேடம். திரையில் ஒரு கட்டத்துக்குள்ளிருந்து யாரோ லேசாகச் சிரித்ததும் கேட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அத்தனை முகங்களுக்கு முன்னால் அவர் அவ்வளவு தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

கால்நடை ஆலோசகர் ஏற்றது என்று எழுதிக் கொடுக்காத ஊருக்கு மாடு வாங்க முடியாது. அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மாட்டுக்குப் பதிலாகக் கோழி கொடுங்கள், கோழிக்கு யார் வரப்புக்கும் போக வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். இந்த ஆண்டுத் திட்டத்தில் கோழி இல்லை என்றார்கள். மாடுகள் வேறு ஊருக்குப் போயின. மேடத்தின் பதவிக்காலம் முடிந்ததும் அருமையான வார்த்தைகளில் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது. நீட்டிக்கவில்லை.

அதன்பிறகு அவர் திண்டிவனம் பக்கம் வரவில்லை. நான் இரண்டொரு தடவை போன் செய்தேன். "நல்லா இருக்கேன்பா, நீ எப்பிடி இருக்கே?" என்பார். நான் என் கதையைச் சொல்வேன், வைத்துவிடுவோம். போன வருஷம் அவர் இறந்துபோன செய்தி பழைய ஆபீஸ் குரூப்பில் வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவர் போட்டோவை என் ஸ்டேட்டஸில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அஞ்சலை அக்கா போன் செய்தார். "பாய் தம்பி, என்னயும் இட்டுக்கினு போறியா?" என்றார்.

விழுப்புரம் வீட்டில் கூட்டமே இல்லை. தம்பி மகன் என்று ஒருவர் இருந்தார். கூட வேலை பார்த்த வயதானவர்கள் நாலைந்து பேர். வாசலில் நின்ற அஞ்சலை அக்காவைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று தம்பி மகன் கேட்டார். "மாட்டு ஆஸ்பத்திரில பழக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் காலடியில் உட்கார்ந்தார். தூக்குகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

கேட்டு முடித்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். எத்தனை நாள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்! கௌரியின் கொட்டகை மாடு இல்லாமலே இற்றுப்போனது. அவளுக்கு இன்றுவரை காரணம் தெரியாது. அந்தக் கோபத்தில் பாதி இப்போதும் என்னிடம் இருக்கிறது. மீதிப் பாதி, அந்த ஊருக்கு நாங்கள் கடைசியாகப் போய் வந்த நாளை நினைக்கும்போதெல்லாம் கரைந்துபோகிறது.

மாடு வராது என்பதை ஊரில் போய் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, எங்கள் ஒருங்கிணைப்பாளர், "வேணான்னது நீங்கதான மேடம், நீங்களே சொல்லிடுங்க" என்று நழுவிக்கொண்டார். மேடமும் சரி என்று கிளம்பினார். அதே களம். மேட்டு வீட்டுக்காரர் அதே முன்வரிசை நாற்காலியில். மேடம் சுற்றி வளைக்கவில்லை. "மாடு வராதும்மா. ஆபீஸ்ல குடுக்கறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். இந்த ஊரு மாட்டுக்குச் சரிப்படாது. உங்க யாரு மேலயும் தப்பு கெடையாது" என்றார்.

பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கௌரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பென்ஷன் வாங்குகிறவளுக்குப் பசி தெரியுமா என்று ஒருத்தி கேட்டாள். மேட்டு வீட்டுக்காரர் திரும்பி, ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "யாருனா போயி எதுனா சொல்லியிருப்பாளுங்க. இல்லாட்டி இப்பிடி ஆவாது" என்றார். பெண்களும் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் பார்வை அஞ்சலை அக்காவிடம் வந்து நின்றது.

அஞ்சலை அக்கா சட்டென்று எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடத்துக்கு நேரே வந்து நின்று கத்தினார். "எங்க வயித்துல அடிக்கத்தான் பஸ்ஸு ஏறி வந்தியா? மாடு வரும் மாடு வரும்னு கனா கண்டுக்கினு இருந்தோமே! உனக்கு இன்னா தெரியும்? புள்ள குட்டின்னு ஒண்ணு பெத்திருந்தா அடுத்தவ வயிறு தெரியும். செத்தா கொள்ளி வெக்க ஆளில்லாத ஒண்டிக்கட்ட நீ, உனக்கு இன்னாடி தெரியும்?"

"அஞ்சல, படிச்சவங்கள அப்பிடிப் பேசாத" என்று மேட்டு வீட்டுக்காரர் அதட்டினார். அவர் பார்வை அஞ்சலை அக்காவை விட்டு அகன்றுவிட்டிருந்தது. மேடம் எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்தப் பார்த்தார். இரண்டு தடவை இழுத்தும் முடியவில்லை. நான் இறங்கிப் போய்ச் சாத்தினேன்.

கிளியனூர் தாண்டினோம். மனதுக்குள் அஞ்சலை அக்கா பக்கம்தான் நான் இருந்தேன். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "கடைசியா சொன்னா பாரு, அத மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். தனக்காக அவர் சொல்லி நான் கேட்ட ஒரே குறை அதுதான்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பட்டது. "கோவத்துல வாய்க்கு வந்தத பேசிட்டாங்க மேடம். அதப் போயி..." என்றேன்.

புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்.

"இல்ல தம்பி. அதச் சொன்னாத்தான் நம்புவாங்க."